ரப்பர் கட்டளைகள்

ஊதா விளக்கு எரிகிறபோது உள் அறையில் பேசக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் ஸ்டாம்ப்காரர் வாயைத் திறக்க மாட்டார். விளக்குப் பெட்டிக்குள் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே தேன் பதத்தில் ஒரு திரவம், அதற்கு அடியில் ஃபிலிம். ஃபிலிமில் எழுத்து இருக்கிற இடத்தில் மட்டும் வெளிச்சம் நுழையும். அங்கே திரவம் ரப்பராக இறுகும். மற்றதெல்லாம் சோப்புத் தண்ணீரோடும் பிரஷ்ஷோடும் போய்விடும். பெட்டியின் இடுக்குகளில் கசிகிற ஊதா வெளிச்சம் சுவரெல்லாம் ஊறிக்கிடக்கும். விழித்துக்கொண்டே தூங்கலாம் போலிருக்கும் அங்கே. வெளியே தூறலும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், தெருவைப் பார்த்த முன்னறை, அவர் மனைவியின் ராஜ்ஜியம். தெருவில் அவளுக்குப் பேரே கம்ப்யூட்டரம்மா. எழுத்தை அடுக்குவது, வட்டத்துக்குள் வளைப்பது, ஃபிலிம் எடுப்பது எல்லாம் அவள். ரப்பர் இவர். வாயும் அவளுடையதுதான். "என்னங்க, டாக்டர் ஸ்டாம்ப் காய்ஞ்சுதா? இந்த ஆளுக்குப் பாருங்க, பேரை விடப் பட்டம் நீளமா இருக்கு, கைப்பிடிக்கு வெளிய தொங்கப் போகுது" என்று திரைக்கு அப்பாலிருந்து நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். இவருக்கு "ம்" ஒன்றே போதும். அந்த ஒரு எழுத்தை வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டார் மனிதர்.

அதற்குத்தானோ என்னவோ, விதி ஆளை மாற்றிப் போட்டது. ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து பிரஷ் நழுவியது. எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிருந்தன. அவ்வளவு பேச்சும் போய், ஒரே ஒரு வார்த்தை மிச்சமிருந்தது. "ஆமா."

"பசிக்குதா?"

"ஆமா."

"சாப்பிட்டுட்டியோ? பசியில்லையோ?"

"ஆமா."

தலையையும் எல்லாவற்றுக்கும் மேலும் கீழுமாகத்தான் ஆட்டினாள். டாக்டர் விளக்கமாகச் சொன்னார். "அவங்களுக்கு எல்லாம் புரியுது. உள்ள எல்லாம் பத்திரமா இருக்கு. எடுத்துட்டு வர்ற வழிதான் அடைஞ்சிருக்கு. பொறுமையா இருங்க." ஸ்டாம்ப்காரர் "ம்" என்றார். பிறகு, இனி இந்த ‘ம்’ செல்லாது என்பது அவருக்கே உறைத்தது.

அவளுடைய அக்கா, வீட்டுக்குப் பெரியவள், முதல் வாரமே வந்துவிட்டாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. பார்த்துக்கொள்ள வேறு யார்? "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. கடையையும் பார்த்து இவளையும் பார்க்க உங்களால ஆகாது. எங்கிட்ட லிஃப்ட் இருக்கு, வேலைக்கு ஆள் இருக்கு. நான் கூட்டிட்டுப் போறேன். நான் சொல்றதுன்னா வேணாம், அவளையே கேப்போம். ஏண்டி, எங்கூட வர்றியா?"

"ஆமா."

"பார்த்தீங்களா?"

"கொஞ்ச நாள் போகட்டும்கா," என்றார் இவர். அவள் நிஜமாகவே போக ஆசைப்படுகிறாளோ என்று உள்ளுக்குள் ஒரு அரிப்பு. இருக்குமே. அக்கா வீட்டில் ஜன்னல் வழியே மரம் தெரியும். இங்கே என்ன தெரியும்? எதிர்க்கடையின் ஷட்டர். எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் ஆமா. மாற்றிக் கேட்டாலும் ஆமா.

கடை மூடிக் கிடந்தது. திறந்தாலும் பிரயோஜனமில்லை, எழுத்தில்லாமல் ரப்பர் எதற்கு? பழைய ஸ்டாம்ப்களின் எழுத்தெல்லாம் கம்ப்யூட்டருக்குள். அதைப் போட்டால் கறுப்புத் திரையும், மூலையில் கண் சிமிட்டுகிற ஒரு வெள்ளைக் கோடும்தான் வரும். மெஷின் கிழடு. அதன்மேல் பாரம் ஏற்றக் கூடாது என்று அவள்தான் அதில் லினக்ஸ் என்கிற இலவச மென்பொருளைப் போட்டாள். ஊர் பேர் தெரியாத யார் யாரோ உலகம் முழுக்க உட்கார்ந்து சேர்ந்து எழுதியதாம். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று எவரும் திறந்து பார்க்கலாமாம், திருத்தலாமாம். "மூடி வைக்காத சமையல்கட்டு மாதிரிங்க" என்று அவள் சொன்னது இவருக்கு நினைவிருக்கிறது. அப்போது "ம்" என்றிருந்தார்.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "என்னண்ணே இது, ஒரு படம் இல்ல, பட்டன் இல்ல. நான் எல்லாத்தையும் தொடைச்சுட்டு, எல்லார் வீட்லயும் இருக்கிறதையே போட்டுடறேன்."

"உள்ள அவ வச்சிருக்கிறதெல்லாம்?"

"அது போகும். புதுசா ஆரம்பிச்சுக்கலாம்ல?"

சக்கர நாற்காலியில் இருந்தவள் "ஆமா" என்றாள். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது.

"வேணாம்ப்பா," என்றார் ஸ்டாம்ப்காரர். "நீ டீ குடிச்சுட்டுக் கிளம்பு."

இரண்டொரு நாள் கழித்து அவளுடைய போன் அடித்தது. ஒரு பெண் குரல். எங்கோ ஸ்கூலில் கணக்கு டீச்சராம். லினக்ஸ் பழகுகிறவர்கள் கேள்வி கேட்டால் தெரிந்தவர்கள் சும்மாவே பதில் சொல்கிற ஒரு கூட்டம் இன்டர்நெட்டில் இருக்கிறது. அதில் இருவருக்கும் பழக்கம். "மேடத்தை ரொம்ப நாளா காணோமே, அதான் கூப்பிட்டேன் சார்." இவர் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி. அப்ப நீங்க உட்காருங்க சார்" என்றாள்.

"எதுல?"

"மேடம் உட்கார்ற நாற்காலில. நான் சொல்றேன், நீங்க அடிங்க."

"அம்மா, எனக்கு ஒரு எழுத்தைத் தேடி எடுக்கவே அரைநாள் ஆகும்."

"ஆகட்டுமே. அந்தக் கோடு சிமிட்டிட்டு இருக்குதுல்ல? அது உங்களுக்காகத்தான் காத்திட்டிருக்கு. அதுக்கு வேற ஜோலி இல்ல."

இப்படியாக ஸ்டாம்ப்காரரின் படிப்பு தொடங்கியது. மழைக்காலத்து மத்தியானங்கள். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, அவளைப் பக்கத்தில் நாற்காலியோடு இழுத்துக்கொண்டு உட்காருவார். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து அவளுக்கு ஒரு வாய் ஊட்டுவது, ஒரு எழுத்தைத் தேடுவது. டீச்சர் ஸ்பீக்கரில்.

"உள்ள இருக்கிற ஒவ்வொரு ஃபோல்டரையும் ஒரு ரூம்னு வச்சுக்குங்க. எல்எஸ்னு அடிச்சா நீங்க நிக்கிற ரூம்ல என்னென்ன இருக்குன்னு காட்டும் சார். பிடபிள்யூடி அடிச்சா, நான் இப்ப எங்க இருக்கேன்னு சொல்லும். சிடின்னா போறது. சிடி போட்டு இடம் விட்டு ரூம் பேரைக் குடுத்தா அந்த ரூமுக்குள்ள போயிடுவீங்க."

அடித்தார். என்டர் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

"ஒண்ணுமே சொல்லலியே டீச்சர்."

"சொல்லலேன்னா நடந்துடுச்சுன்னு அர்த்தம். தப்பு பண்ணினாத்தான் அது வாயைத் திறக்கும்."

"என்னை மாதிரின்னு சொல்லுங்க."

பக்கத்தில் "ஆமா" என்று வந்தது. ஸ்டாம்ப்காரர் திரும்பிப் பார்த்தார். சும்மா சொன்னதா, தெரிந்துதான் சொன்னதா என்று தெரியவில்லை.

கட்டளைகள் மண்டையில் நிற்கவில்லை. காலையில் படித்தது டீக்குள் கரைந்துவிடும். யோசித்துப் பார்த்து, தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். மிச்சமிருந்த ஃபிலிம் துண்டைக் கறுப்பாக்கி, அதில் கட்டளைகளை ஊசியால் கையாலேயே கீறி எழுதி, ஊதா விளக்கின் கீழ் வைத்து, ஒவ்வொன்றையும் சின்ன ஸ்டாம்ப்பாகச் செய்துவிட்டார். கைப்பிடிகள் பழையவை, செத்துப்போன வக்கீல்கள், மூடிப்போன கம்பெனிகள் பிடித்த பிடி. ரப்பரில் இறங்கியதைத் தன் கை மறக்காது என்பது அவர் கணக்கு. டீச்சர் போனில் சிரித்துச் சிரித்து ஓய்ந்தாள். "ஆர்எம்னு ஒண்ணு இருக்கு சார், அழிக்கிறது. அழிச்சா திரும்பி வராது, ஜாக்கிரதை. அதுக்கும் ஸ்டாம்ப் செய்வீங்களா?"

"அதுக்கு ரப்பர் தர மாட்டேன்," என்றார் இவர்.

அந்த வாரம்தான் ரயில் வந்தது. எல்எஸ் ஸ்டாம்ப்பை முகம் மேலே தெரிய மல்லாத்திப் போட்டிருந்தார். ஸ்டாம்ப் முகத்தில் எழுத்து இடவலம் மாறித்தானே இருக்கும்? காலமெல்லாம் அதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு மாறியிருப்பதே நேர். ரப்பரில் இருந்த வரிசையிலேயே எழுத்துகளைத் தேடி அடித்து என்டர் தட்டிவிட்டார். எஸ், எல். கறுப்புத் திரையின் வலது ஓரத்திலிருந்து, எழுத்துகளையும் கோடுகளையும் அடுக்கிக் கட்டிய ஒரு நீராவி எஞ்சின் கிளம்பியது. சக்கரம் சுற்றப் புகை விட்டுக்கொண்டு, எவ்வளவு தட்டியும் நிற்காமல், சாவகாசமாகத் திரை முழுவதையும் கடந்தது.

"ஐயையோ, கெடுத்துட்டேன்," என்று கையைத் தூக்கிக்கொண்டார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் விக்கல் என்று நினைத்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கோணிய வாயோடு, தோள் குலுங்க, ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து முதல் தடவையாக. தப்பாக அடிக்கிறவர்களைக் கேலி செய்ய யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்த விளையாட்டு அது என்றாள் டீச்சர்; தானாக வராது, தேடிப் போட்டுக்கொண்டால்தான் உண்டு. "மேடம்தான் போட்டு வச்சிருக்காங்க. உங்க வீட்டுக்காரர் என்னிக்காவது இதுல கை வச்சா ரயில்தான் வரும்னு சொல்லிட்டிருந்தாங்க."

ஸ்டாம்ப்காரர் இன்னும் நாலு தடவை வேண்டுமென்றே தப்பாக அடித்தார். அவள் நாலு தடவையும் சிரித்தாள். மழை விட்டபின்னும் வெகு நேரம் அந்த அறையில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் உள் அறையில் ஸ்டாம்ப் கழுவிக்கொண்டிருந்தார். தூங்கி விழித்தவளின் பக்கமிருந்து டக்கென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் இடது கையில் ஒரு ஸ்டாம்ப். மேசையில் கிடந்த காகிதத்தில் பிடபிள்யூடி என்று பதிந்திருந்தது. கண் அவரையே பார்த்தது.

அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் இப்போது எங்கே இருக்கிறேன் என்று கேட்கிறாள்.

"நம்ம கடைலம்மா," என்றார். "முன் ரூம்ல. உன் மேசைகிட்ட. மழை பெய்யுது. மத்தியானம். நான் உள்ள இருந்தேன்."

அவள் ஸ்டாம்ப்பைக் கீழே வைத்துவிட்டு, இடது கைச் சுண்டுவிரலால் மேசையை ஒரு தட்டு தட்டினாள். என்டர். வேலை செய்யும்போதெல்லாம் அவள் அப்படித்தான் தட்டுவாள், அந்தச் சத்தம் திரைக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

டீச்சரிடம் இதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. தற்செயலாக இருந்தால்? அவளோடு விளையாடுகிறோம் என்று நினைத்துக்கொண்டால்? அன்று வேறொரு சந்தேகத்தைத்தான் கேட்டார். "டீச்சர், சிடி அடிச்சேன், ரூம் பேர் அடிக்க மறந்து என்டர் தட்டிட்டேன். எங்கியோ போயிட்டேன் போல."

"எங்கியும் போகல சார், வீட்டுக்கு வந்திருப்பீங்க. பேர் குடுக்காம சிடி மட்டும் அடிச்சா நேரா வீடுதான். எவ்வளவு உள்ள போய் மாட்டிக்கிட்டாலும் சரி. வழி தெரியலேன்னா அதை அடிங்க."

"அட," என்றார் ஸ்டாம்ப்காரர். "நல்ல ஆளுங்கதான் எழுதியிருக்காங்க."

மருந்துக் கடைக்காரர் ஒருவர் தம் பழைய ஸ்டாம்ப் தேய்ந்துவிட்டது என்று வந்தார். அதன் எழுத்து உள்ளே எந்த அறையில் இருக்கிறது என்று இவரே தேடிக் கண்டுபிடித்து, ஃபிலிம் எடுத்து, ரப்பரும் போட்டார். தெருக்கோடிவரை போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினபோது அவள் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தாள். நெற்றியில் ரத்தம். எதையோ எடுக்க எழுந்திருக்கிறாள்.

பெரியவள் வந்து நின்றபோது இவர் மனைவியின் நெற்றிக் கட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

"நான் அன்னிக்கே சொன்னேன். தம்பி, இதுக்கு மேலயும் நீங்க பிடிவாதம் பிடிச்சா அது பாசமில்ல. ஏண்டி, கிளம்பலாமா?"

"ஆமா," என்றாள் அவள்.

இவர் அவள் முகத்தைப் பார்த்தார். விழவிட்டவனுக்கு என்ன வாய் இருக்கிறது? பையை எடுத்துக் கொடுத்தார். கார் திரும்பும்வரை கடை வாசலில் நின்றார். ஸ்டாம்ப்கள் மேசைமேல் அப்படியே கிடந்தன.

அவள் போன பிறகு தூறல் இன்னும் கனத்தது. இவர் ஒண்டியாகக் கடையைத் திறந்தார், மூடினார். மத்தியானங்களில் ஊதா வெளிச்சத்தில் உட்கார்ந்தபடியே கண் செருகும். கண்ட கனவெல்லாம் ஒரே கனவுதான். கம்ப்யூட்டருக்குள் நடந்துகொண்டிருக்கிறார். அறைக்குள் அறை, அதற்குள் அறை. ஒவ்வொன்றிலும் அவள் அப்போதுதான் எழுந்து போன மாதிரி திரைச்சீலை ஆடுகிறது. நாற்காலி சூடாக இருக்கிறது. "ஏம்மா" என்று கூப்பிடுகிறார். யாரும் வாயைத் திறக்கவில்லை. வழி தப்பிவிடுகிறது. சரி, பேர் கொடுக்காமல் சிடி அடிப்போம் என்று அடிக்கிறார். வீட்டுக்கு வந்துவிடுகிறார். வீட்டில் அவள் இல்லை.

அப்படி ஒருநாள் முழித்துக்கொண்டவர், கையைக் கழுவிவிட்டு, ஸ்டாம்ப்களையும் மைப்பெட்டியையும் ஒரு துணியில் முடிந்துகொண்டு பஸ் ஏறினார்.

பெரியவள் வீடு சொன்னபடியே இருந்தது. லிஃப்ட், வெளிச்சம், ஜன்னலில் மரம். தங்கைக்குத் தலை வாரி, சுத்தமான உடுப்பு மாட்டி, ஜன்னலருகே உட்கார வைத்திருந்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் செய்ததைவிட நன்றாகவே கவனித்துக்கொண்டிருந்தாள் மகராசி.

"எப்படி இருக்கே?"

"ஆமா."

"நல்லா இருக்கா தம்பி. நானே தினம் கேக்கறேன். இங்கயே இருக்கியாடின்னா ஆமாங்கறா."

"வீட்டுக்குப் போறியான்னு கேட்டீங்களா அக்கா?"

பெரியவள் முகம் சுருங்கியது. "அதுக்கும் ஆமாதான். எல்லாத்துக்கும் ஆமாதான். அதை வச்சு நான் என்ன முடிவெடுக்கிறது?"

அது நியாயம்தான். ஸ்டாம்ப்காரர் முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொன்றாக அவள்முன் பரப்பினார். காகிதம் கொண்டுவர மறந்திருந்தார். தன் இடது உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைத்தார்.

"என்ன தம்பி இது, சின்னப் பிள்ளை விளையாட்டு?"

"ஒரு நிமிஷம்கா."

அவள் வெகு நேரம் ஸ்டாம்ப்களையே பார்த்தாள். கை எல்எஸ்மேல் போய்த் தயங்கியது. உதட்டோரம் லேசாக இழுபட்டது. ரயில் ஞாபகம் என்று அவருக்குப் புரிந்தது. பிறகு அதை விட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள். மையில் ஒற்றினாள். அவர் உள்ளங்கையில் அழுத்தினாள். எழுத்து தெளிவாக விழுந்தது.

சிடி.

"என்ன எழுதியிருக்கு?"

"போகணும்ங்கறா."

"எங்க?"

ஸ்டாம்ப்காரர் உள்ளங்கையை எடுக்காமல் மேசைமேலேயே வைத்திருந்தார். இனி ஒரு பேர் வர வேண்டும். அவள் ஜன்னலைக் காட்டலாம், உள் ரூமைக் காட்டலாம், வாசலைக் காட்டலாம். எதைக் காட்டினாலும் அதுதான் என்று மனசைத் தயார்படுத்திக்கொண்டார். அவள் எதையும் காட்டவில்லை. ஸ்டாம்ப்பைக் கீழே வைத்தாள். சுண்டுவிரலை நீட்டி, மேசையை ஒரு தட்டு தட்டினாள்.

"எங்கன்னு சொல்லலியே தம்பி," என்றாள் பெரியவள்.

"ஆமாக்கா, சொல்லல." அவருக்குக் கண் மறைத்தது. "பேர் சொல்லாம தட்டினா ஒரே இடம்தான். அவ கம்ப்யூட்டர்ல அப்படித்தான். வீடு."

பெரியவள் உள்ளங்கையைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். நம்பினாளோ இல்லையோ, அந்த விரல் தட்டலை அவளும் பார்த்திருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இங்க உனக்கு என்னடி குறை வச்சேன்?"

"ஆமா," என்றாள் தங்கை. இடது கையால் அக்காவின் கன்னத்தைத் தடவினாள்.

"காலைலயும் சாயங்காலமும் ஒரு ஆளை நான் அனுப்புவேன். வேணாம்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்கா. இனிமே அவளைத் தனியா விட்டுட்டு வெளிய போக மாட்டேன்."

"சரி. சமையல் ஆயிடுச்சு. ரெண்டு பேரும் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க." பெரியவள் தங்கையின் பக்கம் குனிந்தாள். "என்னடி, சாப்பிட்டுட்டுப் போலாமா?"

"ஆமா," என்றாள் அவள். அவளுடைய இடது கால் நாற்காலிக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.